பொட்டி எழுந்திருக்கணும்னா... (ஒரு கன்சோல் புராணம்)

போன வாரம் பழைய நண்பர் ஒருத்தர் போன் பண்ணார். முன்னாடி ஒரே இடத்துல ஒண்ணா ஆணி புடுங்கினவங்க நாங்க. இப்போ அவர் இருக்கிற கம்பெனியில் இன்னமும் ஒரு ஐபிஎம் ஐ5 520 ஓடிக்கிட்டு இருக்காம். 2004-ல் வந்த வரிசை. கணக்கு, ஸ்டாக், பில் எல்லாமே அதில்தான். அதுக்குக் கன்சோலா இருந்த பிசி போன மாசம் மண்டையைப் போட்டுடுச்சு. சர்வர் பாட்டுக்கு ஓடுது, யாருக்கும் ஒரு குறையும் தெரியலை. "அதுக்குப் பதிலா எதை வாங்கிப் போடறது? நம்பி வைக்கிற மாதிரி ஒண்ணு சொல்லுங்க"ன்னு கேட்டார்.

ரெண்டு வரியில் சொல்லி முடிச்சிருக்கலாம். ஆனா நமக்கு வாய் சும்மா இருக்குமா? ஒரு மணி நேரம் கொசுவத்தி சுத்தினேன். பாவம் மனுஷர், பொறுமையா கேட்டுக்கிட்டார். அவரோட விடாம உங்களையும் பிடிச்சு உட்கார வைக்கலாம்னுதான் இது. :-)

பொட்டி தட்டாதவங்களுக்காக முதல்ல ஒரு சின்ன விளக்கம். வங்கிகள் வச்சிருக்கிற ராட்சச மெயின்ஃப்ரேமுக்கும், மேஜை மேல இருக்கிற பிசிக்கும் நடுவுல ஒரு சாதி உண்டு. மிட்ரேஞ்ச் என்பார்கள். நடுத்தரக் கம்பெனிகள், மொத்த வியாபாரிகள், தொழிற்சாலைகள் வாங்கி வச்சுக்கிட்டு இருபது வருஷம் ஆனாலும் மாத்தாம ஓட்டுற பெட்டிகள். அதுல பேர் போனது ஐபிஎம்மின் ஏஎஸ்/400. பிறந்த ஊர் அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்து ராச்செஸ்டர். 1988 ஜூன் 21 அன்று அறிவிக்கப்பட்டது. அதுக்கப்புறம் ஐசீரீஸ், ஐ5, சிஸ்டம் ஐ என்று பேர் மாத்தி மாத்தி, 2008-லிருந்து பவர் சிஸ்டம்ஸ் பெட்டியில் ஓடுகிற 'ஐபிஎம் ஐ' என்ற பேரில் நிற்கிறது. பழைய ஆளுங்க இன்னும் ஏஎஸ்/400 என்றுதான் சொல்வோம். விடுங்க.

இதில் இருநூறு பேர் ஒரே சமயத்தில் வேலை பார்ப்பாங்க. இருநூறு திரையும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனா அதில் ஒரே ஒரு திரைக்கு மட்டும் தனி உரிமை உண்டு. அதுதான் கன்சோல். முழு பேக்கப் எடுக்கணும்னா மத்த எல்லாரையும் வெளியே தள்ளி, எல்லா சப்சிஸ்டத்தையும் நிறுத்தணும். அந்த நிலையில் உயிரோட இருக்கிற ஒரே திரை கன்சோல். ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் புதுசா ஏத்தணுமா, செத்துப்போன டிஸ்க்கை மாத்தி மறுபடி கட்டணுமா, மேனுவல் மோடில் ஐபிஎல் போடணுமா (கிரிக்கெட் இல்லீங்க, அந்த ஐபிஎல் 2008-ல் வந்தது, பெட்டியை எழுப்பற வேலைக்கு ஐபிஎம்காரங்க அதுக்குப் பல வருஷம் முன்னாடியே வச்ச பேர்)... எல்லாத்துக்கும் கன்சோல்தான். அது இல்லைன்னா பெட்டியின் முகப்புப் பேனலில் ஏ6005008 என்று ஒரு எண் வந்து நிற்கும். "கன்சோலைக் காணோம்"னு அர்த்தம். ராத்திரி ரெண்டு மணிக்கு அந்த எண்ணைப் பார்த்தவனுக்குத்தான் அதோட எடை தெரியும்.

ராச்செஸ்டர்காரங்க ஆரம்பத்தில் கன்சோலைத் தனிப் பொருளா நினைக்கவே இல்லை. 1975-ல் வந்த சிஸ்டம்/32-ஐ எடுத்துக்கங்க. ஒரு பெரிய மேஜை சைஸ் இருக்கும். கீபோர்டும் திரையும் அதிலேயே பதிச்சிருக்கும். திரை என்றால் ஆறு வரி, வரிக்கு நாற்பது எழுத்து, அவ்வளவுதான். ஒரு சமயத்தில் ஒரு ஆள்தான் வேலை பார்க்க முடியும். மெஷினே கன்சோல், கன்சோலே மெஷின். அது செத்தா மெஷினும் செத்த மாதிரிதான், அதனால மாற்று தேடற பிரச்சினையே இல்லை!

1977-ல் சிஸ்டம்/34 வந்தபோதுதான் திரை தனியா வெளியே வந்தது. 5251 என்ற டெர்மினல். 24 வரி, வரிக்கு 80 எழுத்து, பச்சை நிறம். அதையும் பெட்டியையும் இணைக்க ட்வினாக்ஸ் என்று ஒரு கேபிள். நம்ம டிவி கேபிளில் நடுவில் ஒரு கம்பி இருக்கும், இதில் ரெண்டு. 5000 அடி வரைக்கும் இழுக்கலாம். கிட்டத்தட்ட ஒன்றரை கிலோமீட்டர்! ஒரே கேபிளில் ஒண்ணுக்கு அடுத்து ஒண்ணா ஏழு கருவிகளைக் கோர்க்கலாம். பூஜ்யத்திலிருந்து ஆறு வரை ஆளுக்கொரு முகவரி. நடுவில் ஒரு டெர்மினலை அணைச்சாலும் அடுத்ததுக்குச் சிக்னல் போயிடும். கேபிளையே கழட்டினாத்தான் அதுக்குப் பின்னால் இருக்கிற எல்லாம் இருட்டாகும். (பெருக்க வர்ற அம்மா துடைப்பத்தால் இழுத்துவிட்டு கிடங்கே நின்னுபோன கதை எல்லா ஏஎஸ்/400 ஆளுங்க கிட்டயும் ஒண்ணு இருக்கும்.)

அடுத்து வந்த சிஸ்டம்/38-ல் மறுபடி கன்சோல் திரையைப் பெட்டிக்குள்ளேயே வச்சாங்க. ஆனா 1988-ல் ஏஎஸ்/400 செய்யும்போது எடுத்த முடிவு இருக்கே, அதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. கன்சோலுக்குன்னு தனிக் கருவியே கிடையாது. சாதாரண 5250 வகை டெர்மினல் எதுவானாலும் சரி. அதை ட்வினாக்ஸ் கன்ட்ரோலரின் பூஜ்யமாவது துளையில் செருகி, முகவரியைப் பூஜ்யம் என்று வச்சா, அது கன்சோல். முடிஞ்சது கதை. ஸ்டோர்ஸ்ல இருக்கிற டெர்மினலும் கன்சோலும் ஒரே சாமான். கன்சோல் செத்தா பக்கத்து மேஜையில் இருந்து ஒண்ணைத் தூக்கிட்டு வந்து, முகவரியைப் பூஜ்யம்னு மாத்தி, கேபிளைச் செருகினா போதும். பத்து நிமிஷம்.

அந்த டெர்மினலுக்குள்ள என்ன இருக்கு? ஒண்ணும் இல்லை. ஹார்ட் டிஸ்க் இல்லை, ஆபரேட்டிங் சிஸ்டம் இல்லை, ஐபி முகவரி இல்லை, பாஸ்வேர்டு இல்லை, வைரஸ் இல்லை. கரண்ட் கொடுத்தா திரை வெளிச்சமாகும். கன்ட்ரோலர் அதைக் கூப்பிட ஆரம்பிச்சதும் 'சிஸ்டம் தயார்' என்று ஒரு அடையாளம் தெரியும். அது தெரிஞ்சா கேபிள் சரி, கன்ட்ரோலர் சரி, டெர்மினல் சரி. மூணு விஷயம்தான் இடையில். இதை மறக்காதீங்க, பின்னாடி வருது.

டெர்மினல்களும் சளைக்காம வந்தன. 3476, 3477, அப்புறம் 3480 வரிசையில் நாலஞ்சு. இதில் 3488 ஒரு தினுசு. அடிப்பெட்டியும் கீபோர்டும் மட்டும் வரும், சாதாரண விஜிஏ மானிட்டர் எதை வேணும்னாலும் மாட்டிக்கலாம். பழைய டெர்மினலில் முதல்ல சாகிறது பிக்சர் டியூப்தான். அதனால இன்னிக்கு செகண்ட்ஹேண்ட் வாங்கறவங்க 3488 கிடைச்சா விடாதீங்க. ஐபிஎம் தவிர டெசிஷன் டேட்டா, பாஸனோவா மாதிரி வேற கம்பெனிகளும் இதே பாஷை பேசற டெர்மினல் செஞ்சு வித்தாங்க.

அப்படி நல்லா இருந்ததை ஏன் மாத்தினாங்க? குறை சொல்றதுக்கு முன்னாடி நியாயத்தையும் பார்க்கணும். 90-களின் நடுவில் எல்லா மேஜையிலும் பிசி வந்தாச்சு. பச்சைத் திரையையே பிசிக்குள்ள எமுலேட்டரா போட்டு ஓட்ட ஆரம்பிச்சாங்க. ஆபீஸ் முழுக்க ஈதர்நெட். ஒரே ஒரு கன்சோலுக்காக ஒரு ட்வினாக்ஸ் கார்டு, அதை ஓட்ட ஒரு ஐஓபி, ஒரு டெர்மினல் என்று வாங்கணும்னா முதலாளி முறைக்கத்தானே செய்வார்? அதனால 1998-ல் வி4ஆர்3 வெளியீட்டோட 'ஆபரேஷன்ஸ் கன்சோல்' வந்தது. விண்டோஸ் பிசியை ஒரு தனி சீரியல் கேபிள் வழியா நேரா சர்வரில் மாட்டி, அதையே கன்சோலா வச்சுக்கறது.

இந்த நேர்க் கேபிள் வகையைப் பத்தி ரெண்டு பக்கமும் பேசுவாங்க. கேபிள் நேரா போறதால நடுவில் நெட்வொர்க் தொல்லை கிடையாது, அது நல்லது. ஆனா விண்டோஸ் பக்கம் பார்த்தா சிரிப்பு வரும். சர்வரை ஒரு மோடம் என்று நினைச்சுக்கிட்டு, டயல்அப் இணைப்பு மாதிரி போட்டுத்தான் பேசும். மோடம் பட்டியலில் ஏஎஸ்400 ஆபரேஷன்ஸ் கன்சோல் என்று ஒரு டிரைவரை ஏத்தணும். கேபிளும் கடையில் கிடைக்கிற சாதாரண சீரியல் கேபிள் இல்லை. அதுக்கப்புறம் மடிக்கணினிகளில் சீரியல் துளையே காணாமப் போச்சு, அது வேற.

அடுத்த திருப்பம் 1999. வி4ஆர்4-ல் எல்பார் வந்தது. ஒரே பெட்டியை வெட்டி, உள்ளே தனித்தனி சிஸ்டமா ஓட்டறது. நாலு துண்டு போட்டா நாலு கன்சோல் வேணும்! நாலு ட்வினாக்ஸ் கார்டு, நாலு டெர்மினலா? கட்டுப்படியாகுமா? பழைய முறைக்கு உண்மையான எமன் பிசி இல்லை, இந்த எல்பார்தான் என்பது என் எண்ணம். 2001-ல் வி5ஆர்1-ல் லேன் கன்சோல் வந்தபோது எல்லாரும் பாய்ஞ்சு போய் எடுத்துக்கிட்டதுக்கும் அதுதான் காரணம். ஒரே பிசி, நெட்வொர்க் வழியா நாலு துண்டுக்கும் கன்சோல். கேபிள் நீளம் பத்திக் கவலையில்லை. சர்வர் பக்கம் கன்சோலுக்கென்று ஒரு நெட்வொர்க் கார்டு இருந்தா போதும்.

இங்கேதான் நம்ம சொந்தக் கதை வருது.

2003. நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு ஐசீரீஸ் 270. கன்சோல் டெர்மினலின் டியூப் மங்கி மங்கி, ஒரு நாள் முழுசா போயிடுச்சு. வயசு பத்துக்கு மேல, பாவம் அது என்ன பண்ணும். மாற்று எது என்று கூட்டம் போட்டோம். எங்க சீனியர் ஆபரேட்டர் (அண்ணன்னுதான் கூப்பிடுவோம்) ட்வினாக்ஸ் டெர்மினலே இன்னொண்ணு வாங்கிடலாம், செகண்ட்ஹேண்டில் கிடைக்குதுன்னார். நான் அப்போ சின்னப் பையன், புதுசுன்னா பறக்கிற வயசு. லேன் கன்சோல்தான் எதிர்காலம் சார், சும்மா கிடக்கிற பிசி ஒண்ணு இருக்கு, காசே செலவில்லைன்னு மேனேஜர் கிட்ட சொன்னேன். காசு செலவில்லைங்கிற வார்த்தைக்கு மேனேஜர்கள் கிட்ட இருக்கிற மரியாதைதான் உங்களுக்குத் தெரியுமே.

அண்ணன் ஒண்ணே ஒண்ணு கேட்டார். "தம்பி, இந்த பொட்டி எழுந்திருக்கணும்னா, அதுக்கு முன்னாடி இன்னும் எத்தனை பொட்டி எழுந்திருக்கணும்?" நான் சிரிச்சேன்.

வச்சோம். நல்லாத்தான் வேலை செஞ்சது. சனிக்கிழமை பேக்கப், மாசாந்திர பிடிஎஃப் எல்லாம் அதிலேயே. என் சீட்டிலிருந்தே பார்க்கலாம், ஏசி ரூமில் போய் நடுங்க வேண்டியதில்லை. எட்டு மாசம் கழிச்சு நெட்வொர்க் பார்க்கிறவங்க ஆபீஸை ரெண்டு பகுதியா பிரிச்சு நடுவில் ஒரு ரௌட்டரைப் போட்டாங்க. சர்வர் ரூம் ஒரு பக்கம், என் சீட் இன்னொரு பக்கம். அதுக்கப்புறமும் கன்சோல் வேலை செஞ்சது. அதனால யாரும் யோசிக்கலை.

அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி, டிஸ்க் ஒண்ணு போச்சு. ஏஎஸ்/400-ன் அடிப்படை பத்தி இங்க ஒரு வார்த்தை சொல்லணும். சிஸ்டம்/38 காலத்திலிருந்தே ஃப்ராங்க் சோல்டிஸ் முதலானவங்க வடிவமைச்ச ஒற்றை அடுக்கு நினைவகம் என்று ஒரு முறை. டிஸ்க்கும் மெமரியும் சேர்த்து எல்லாம் ஒரே பெரிய வெளி. எந்த ஃபைல் எந்த டிஸ்க்கில் இருக்குன்னு யாரும் பார்க்க வேண்டாம், சிஸ்டமே எல்லா டிஸ்க்கிலும் பரப்பி வைக்கும். அழகான ஏற்பாடு. ஆனா பாதுகாப்பு இல்லாம ஒரு டிஸ்க் போனா, எல்லா ஃபைலிலும் ஒரு துண்டு போயிருக்கும். மொத்தத்தையும் டேப்பிலிருந்து திரும்ப ஏத்தணும். எங்க பெட்டியில் ரெய்டும் இல்லை, மிர்ரரிங்கும் இல்லை. சிக்கனம்! போனதும் சாதாரண டிஸ்க் இல்லை, முதல் டிஸ்க். சிஸ்டத்தின் உயிர் நாடி அதில்தான்.

சனிக்கிழமை காலையில் எஞ்சினியர் வந்து புது டிஸ்க் போட்டுட்டார். டேப் கையில் இருக்கு. போன வாரத்து முழு சேவ், ஒழுங்கா முடிஞ்ச டேப். திங்கள்கிழமை சம்பள ரன். நேரம் நிறைய இருக்குன்னு தெம்பா டேப்பை மாட்டி, பேனலில் டி என்று வச்சு, மேனுவலில் ஐபிஎல் போட்டோம்.

ஏ6005008.

மறுபடி போட்டோம். ஏ6005008. என் சீட்டில் கன்சோல் பிசி "இணைக்கிறேன், இணைக்கிறேன்"னு சொல்லிக்கிட்டே இருக்கு. ஒரு சுத்துக்கு அரை மணிக்கு மேல ஆகும், மூணு சுத்து சுத்தினோம். நேத்து மதியம் வரைக்கும் வேலை செஞ்ச கன்சோல்!

காரணம் என்னன்னா, சர்வருக்குத் தன்னோட கன்சோல் ஐபி முகவரி தெரிஞ்சிருந்தது, அது பழைய டிஸ்க்கில் எழுதி வச்சிருந்ததால். அந்த டிஸ்க் போச்சு, முகவரியும் போச்சு. புதுசா பிறந்த குழந்தை மாதிரி "என் பேர் என்ன?"ன்னு கேட்கும். அதுக்கு பூட்பி என்கிற முறையில் நெட்வொர்க் முழுக்கக் கூவும், கன்சோல் பிசி பதில் சொல்லணும். அந்தக் கூவல் ரௌட்டரைத் தாண்டாது. தினப்படி வேலையில் முகவரி ஏற்கனவே தெரிஞ்சதால் ரௌட்டர் ஒரு பொருட்டே இல்லை. வீடு இடிஞ்ச அன்னிக்குத்தான் அது சுவரா நிக்குது. ரெண்டும் ஒரே நெட்வொர்க்கில் இருக்கணும், முடிஞ்சா தனியாவே இருக்கணும்னு மானுவலில் போட்டிருந்தது. படிக்காதது நாங்கதான். யாரையும் குத்தம் சொல்றதுக்கில்லை.

அண்ணன்தான் அதைக் கண்டுபிடிச்சார். பிசியை, அந்தக் கனமான மானிட்டரோட, மாடிப்படி ஏறித் தூக்கிட்டுப் போய் சர்வர் ரூமில் வச்சு, ஒரு சின்ன ஹப் நடுவில் போட்டு மாட்டினோம். இந்தத் தடவை கூவல் போச்சு, முகவரியும் கிடைச்சது. அப்பாடான்னு உட்கார்ந்தா அடுத்த இடி. பாஸ்வேர்டு தப்பு! அந்தக் கால வெளியீடுகளில் கன்சோல் பிசிக்கே ஒரு அடையாளமும் பாஸ்வேர்டும் உண்டு. ஆளு உள்ளே நுழையறதுக்கு இல்லை, பிசி தன்னை நிரூபிக்கிறதுக்கு. நாங்க பாதுகாப்பா இருக்கட்டும்னு அதை மாத்தி வச்சிருந்தோம். டிஸ்க் மாத்தி, அடி மென்பொருளைப் புதுசா ஏத்தினதும் சர்வர் பக்கம் அது பழைய தொடக்க நிலைக்குப் போயிடுச்சு. பிசி பக்கம் மாத்தினதே இருக்கு. ரெண்டும் ஒத்துப்போகலை. இணைப்பையே அழிச்சுட்டு மறுபடி உருவாக்கி, தொடக்கப் பாஸ்வேர்டைக் கொடுத்து உள்ளே போகும்போது சாயங்காலம் ஆயிடுச்சு. காலையில் ஆரம்பிச்சது!

டேப் ஏறி முடிய ஞாயிறு விடிஞ்சது. வெள்ளிக்கிழமை டிரான்சாக்‌ஷன்களைக் காகிதத்தில் இருந்து பார்த்து உட்கார்ந்து அடிச்சாங்க. சம்பளம் ஒரு நாள் தள்ளிப் போச்சு. ஒரு நாள்தானேன்னு நாம சொல்லலாம், வாடகை கொடுக்க வேண்டியவன் சொல்ல மாட்டான். ஒரு லோடர் என் சீட்டுக்கே வந்து "இன்னிக்கு வருமா சார்?"ன்னு கேட்டுட்டு நின்னார். இன்னிக்கும் ஞாபகம் இருக்கு. அண்ணன் மட்டும் "நான் அப்பவே சொன்னேன்"னு ஒரு தடவை கூடச் சொல்லலை. அதுதான் இன்னும் வலிச்சது.

அந்த வேலைக்கு எத்தனை பொட்டி எழுந்திருக்க வேண்டியிருந்தது? எண்ணிப் பார்த்தேன். விண்டோஸ் பூட் ஆகணும். பிசியின் நெட்வொர்க் கார்டு. என் தளத்து ஸ்விட்ச். ரௌட்டர். சர்வர் ரூம் ஸ்விட்ச். இது எல்லாத்துக்கும் கரண்ட், அதில் எத்தனை யுபிஎஸ்ஸில் இருக்கு? அப்புறம் மென்பொருள் வெளியீடு ஒத்துப்போகணும், பாஸ்வேர்டு ஒத்துப்போகணும். ட்வினாக்ஸுக்கு மூணே மூணு. வீட்டுக்கு மோட்டார் வந்ததும் கிணத்து வாளியையும் கயித்தையும் பழைய இரும்புக்குப் போட்ட கதைதான் நாங்க பண்ணது.

லேன் கன்சோல் மோசம்னு சொல்ல வரலை. பின்னால் வந்த வெளியீடுகளில் அந்தப் பிசி பாஸ்வேர்டுத் தொல்லையை எடுத்துட்டாங்க. ஒரு கன்சோல் போனா இன்னொரு பிசி அந்த இடத்தை எடுத்துக்கிற வசதியும் வந்தது. தனி ஸ்விட்ச், தனி யுபிஎஸ், பக்கத்திலேயே பிசி, தயாரா ரெண்டாவது பிசி என்று வச்சா நல்லாவே உழைக்கும். நாங்களும் அப்புறம் அப்படித்தான் வச்சோம்.

2004-ல் பவர்5 பெட்டிகள் வந்தபோது ஐபிஎம் வேற வழியைப் பிடிச்சது. ஹெச்எம்சி. இது தனிப் பெட்டி. உள்ளே லினக்ஸ் ஓடும், ஆனா பூட்டி வச்ச லினக்ஸ், நீங்க கண்டதையும் ஏத்த முடியாது. யுனிக்ஸ் பக்கத்து பிசீரீஸ் ஆளுங்களுக்கு அது முன்னாடியே பழக்கம். இது சர்வரின் ஆபரேட்டிங் சிஸ்டத்தோட பேசாது, அதுக்கும் கீழே இருக்கிற சர்வீஸ் ப்ராசஸரோட தனிக் கேபிளில் பேசும். அதனால டிஸ்க்கில் இருந்த முகவரி போச்சு என்கிற நம்ம கதை இங்கே நடக்காது. பெட்டிக்கு பிளக்கில் கரண்ட் இருந்தாலே சர்வீஸ் ப்ராசஸர் முழிச்சுக்கிட்டு இருக்கும். எத்தனை துண்டு போட்டாலும் ஒரே ஹெச்எம்சி போதும். அது செத்தாலும் சர்வர் நிற்காது. வேணும்னா ரெண்டு வச்சுக்கலாம்.

குறை இல்லாமலா? அதுவும் ஒரு கம்ப்யூட்டர்தான். அதுக்கும் டிஸ்க் சாகும், அதுக்கும் அப்டேட் போடணும், அதோட வெளியீடு சர்வரின் ஃபர்ம்வேரோட ஒத்துப்போகணும். பின்னால் அதையும் மெய்நிகர் பெட்டியா ஓட்டலாம்னு வந்தது. ஆனா தான் ஓடுகிற சர்வரையே அது மேய்க்கக் கூடாதுன்னு ஐபிஎம்மே விதி போட்டிருக்கு. அண்ணன் கேட்ட கேள்விதான் அங்கேயும் நிக்குது, பார்த்தீங்களா?

ட்வினாக்ஸுக்கு முடிவு 2010-ல் வந்தது. பவர்7 பெட்டிகளில் ஐஓபி கார்டுகளுக்கே இடமில்லை. ட்வினாக்ஸ் கார்டு ஐஓபி இல்லாம ஓடாது. 1977-ல் தொடங்கின ஒரு கேபிள் முப்பத்து மூணு வருஷம் ஓடி, கன்சோல் என்ற பதவியை விட்டு இறங்கியது. விண்டோஸுக்கான பழைய ஐசீரீஸ் ஆக்சஸ் மென்பொருளுக்கும் ஆதரவு 2019 ஏப்ரலோடு முடிஞ்சது. அதன் இடத்தில் இப்போ இருக்கிறது ஜாவாவில் எழுதின ஏசிஎஸ். புதுப் பெட்டி வாங்கினா ஹெச்எம்சி, அது வேண்டாம்னா ஏசிஎஸ் வழியா லேன் கன்சோல்.

சரி, நண்பர் விஷயத்துக்கு வர்றேன். 520-ல் ஒரு விசேஷம் உண்டு. நாலு வழியும் சேர்ந்து இருந்த காலத்துப் பெட்டி அது. ட்வினாக்ஸ், நேர்க் கேபிள், லேன், ஹெச்எம்சி, நாலில் எதையும் வைக்கலாம். ஹெச்எம்சி வாங்கணும்னா பழைய மென்பொருள் ஓடற பெட்டியாத்தான் தேடணும், புது வெளியீடுகள் பவர்5-ஐ சீந்தாது. நேர்க் கேபிளுக்கு சீரியல் துளை இருக்கிற பிசியும், அந்த விசேஷக் கேபிளும் இன்னிக்கு எங்க போய்த் தேடறது? லேன் கன்சோலுக்குப் பழைய விண்டோஸ் ஓடற ரெண்டு பிசியை ஜாக்கிரதையா வச்சுக் காப்பாத்தணும்.

"உங்க பொட்டியில் ட்வினாக்ஸ் கார்டு இருக்கான்னு முதல்ல பாருங்க"ன்னேன். போய்ப் பார்த்துட்டு வந்தார். இருக்கு! கிடங்கில் ரெண்டு பழைய லைன் பிரின்டர் இன்னும் அதில்தான் ஓடுதாம். அவருக்கே மறந்துபோச்சு. எனக்கு எழுந்து ஆடணும் போல இருந்தது. பெட்டியில் துண்டு எதுவும் போடலை, ஒரே சிஸ்டம்தான். அப்புறமென்ன, ஒரு 3488, ஒரு மானிட்டர், பூஜ்யமாவது துளை, பூஜ்யம் முகவரி. இடையில் மூணு விஷயம்.

கன்சோல் வகை லேன் என்று இருக்கிறதை ட்வினாக்ஸ் என்று மாத்தணும். அதை சர்வர் ஓடிக்கிட்டு இருக்கும்போதே மாத்திடுங்கன்னு மூணு தடவை சொன்னேன். இப்போ எந்தத் திரையிலிருந்து வேணும்னாலும் எஸ்எஸ்டி மெனுவுக்குள் போய் மாத்தலாம். பொட்டி விழுந்த அப்புறம்னா பேனலில் 65, 21 என்று எண் அமுக்கிக்கிட்டு உட்கார்ந்திருக்கணும். சர்வீஸ் டூல்ஸ் பாஸ்வேர்டு தெரியுமான்னு கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் பழைய டைரியில் தேடி எடுத்துட்டார்.

டெர்மினல் நேத்து வந்து சேர்ந்ததாம். போட்டோ அனுப்பியிருந்தார். கீபோர்டில் ஒண்ணு ரெண்டு பொத்தான் தேஞ்சு எழுத்தே தெரியலை, ஃபீல்ட் எக்ஸிட் மட்டும் பளபளன்னு இருக்கு. வர்ற சனிக்கிழமை ராத்திரி முதல்ல முழு சேவ். அது முடிஞ்சதும் மேனுவலில் ஒரு ஐபிஎல் போட்டுப் பார்க்கப் போறார். என்னையும் வரச் சொல்லியிருக்கார். அண்ணனுக்கும் போன் போட்டுச் சொன்னேன். ரிட்டயர் ஆகிப் பல வருஷம் ஆச்சு. "முகவரி சுவிட்ச்சைக் கையால ஒரு தடவை தொட்டுப் பாரு தம்பி, பழசு லூசா இருக்கும்"னார்.